சிவப்புக்குப் போன முள்

தங்கையின் மேல்வரிசை முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் அதைப் பக்கத்துப் பல்லோடு மெல்லிய கம்பி போட்டுக் கட்டி, செவ்வாய்க்கிழமை காலை பிடுங்கிவிடலாம் என்று சொல்லியிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் அவள் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்கு வந்து நின்றாள்.

மற்றவர்களுக்குப் பல் கடிக்க இருக்கிறது. அவளுக்கோ அந்த ஒரு பல்தான் சாக்ஸபோனின் ஊதுமுனையான மவுத்பீஸின் மேல் ஊன்றி நிற்கும் கால். ஊதும்போது அதன் வழியாகத்தான் மண்டைக்குள் அதிர்வு ஏறும். பொய்ப்பல் கட்டி, ஈறு ஆறி, வாய் மறுபடி பழகுவதற்கு ஒரு வருடம் ஆகும் என்றார் டாக்டர். பழகினாலும் அது இதே ஒலியாக இருக்காது என்பதை டாக்டர் சொல்லவில்லை. அது தங்கைக்கே தெரியும். இருபது வருடமாகக் கட்டிவளர்த்த அந்தக் கத்தலும் உறுமலும் செவ்வாய்க்கிழமையோடு சரி. அதற்குள் ஒரு தடவையாவது ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"முழுசா ஊதினா அரை மணி. அதுக்கப்புறம் பல்லு தனியா கச்சேரி பண்ணப் போயிடும்."

அக்காவை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் செய்துவந்தது அறிவிப்புகளின் ஒலிப்பதிவு. லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல், பேருந்தில் அடுத்த நிறுத்தம் சொல்லும் குரல், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று தொலைபேசியில் மன்றாடும் குரல் எல்லாம் அவள் கையில் வெட்டுப்பட்டு வெளியே போனவைதான். அந்தக் குரல்கள் நடுவில் மூச்சு விடுவதே இல்லை. மூச்சு, எச்சில் ஒலி, தொண்டையைச் செருமுவது, நாற்காலி முனகல், அத்தனையையும் அவள் எடுத்துவிடுவாள். ஒலியளவு காட்டும் முள் எப்போதும் பச்சையிலேயே நிற்கும். சிவப்பைத் தொட்டதாக ஒரு நாள்கூட யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. அது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சில நாட்களில் மட்டும், வீட்டில் பாத்திரம் கழுவும்போது, அத்தனை பேரிடமிருந்து எடுத்த மூச்சும் எங்கே போயிருக்கும் என்று தோன்றும். உடனே குழாயை வேகமாகத் திறந்துவிடுவாள்.

முதலாளி ஊரில் இல்லை. ஒரு காலைப் பொழுதுக்கு அனுமதி கொடுத்திருந்தார். காவலாளி கதவைத் திறந்துவிட்டு, தங்கையோடு வாசிக்கும் டிரம்ஸ்காரர் ஒவ்வொன்றாக இறக்கிவைத்த பெரிய வட்டப் பெட்டிகளைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்னம்மா, எந்த லிஃப்டுக்கு?" என்றார்.

"லிஃப்டு இல்லண்ணே. என் தங்கச்சி வாசிக்கறா."

"பாட்டா? நல்லது நல்லது. மெதுவாதானே?"

டிரம்ஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். சிரிப்பை அடக்குவதில் பயிற்சி போதாது. மூன்றாவது ஆள் பாஸ்காரி. கணக்கு டீச்சர். தன்னைவிட உயரமான அந்தத் தந்தி வாத்தியத்தை, நடக்க மறுக்கும் உறவுக்காரரை அழைத்துவருவதுபோல் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள். மூவருக்கும் ஒரே ஒரு வழக்கம் உண்டு. எதையும் எழுதிவைத்து வாசிக்க மாட்டார்கள். வாசித்ததைத் திரும்ப வாசிக்கவும் மாட்டார்கள். யாராவது ஒருவர் தொடங்குவார், மற்ற இருவரும் உள்ளே குதிப்பார்கள். எங்கே கரையேறுவது என்று யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டரில் எடுக்கக் கூடாது என்று தங்கை முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தாள்.

"ஏன்டி? தனித்தனி டிராக்கா எடுத்தா அப்புறம் சரி பண்ணலாமே."

"அதனாலதான் வேணாங்கறேன். நீ உக்காந்து சரி பண்ணிடுவே."

ஆகவே மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய டேப் மெஷின் வெளியே வந்தது. அலமாரியில் பிரிக்காத ரீல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முப்பத்து மூன்று நிமிடம் ஓடும். நான்கு மைக்குகளும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் வழியாக ஒன்றாகக் கலந்து நேராக டேப்பில் போய் விழும். பிறகு பிரிக்க முடியாது, கூட்டவோ குறைக்கவோ முடியாது. சரி செய்ய வழியே இல்லாத ஒரு பதிவு. தனக்குப் பயமாக இருக்கிறது என்று கத்தரி முதலில் நினைத்தாள். ஆனால் டேப் உரசிப்போகும் மெஷினின் தலையைப் பஞ்சால் துடைக்கும்போது, தான் ஒரு ராகமும் இல்லாத ஏதோ ஒன்றை முனகிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

தங்கையிடம் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. கத்தரிக்கு இருபத்து மூன்று வயதாக இருந்தபோது தங்கை ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து, "இதைக் கேளு. நடுவுல எந்திரிச்சுப் போகாதே" என்றாள். யாரோ ஒருவர் தனியாக, வேறு எந்த வாத்தியமும் இல்லாமல், சாக்ஸபோனை அலறவிட்டிருந்தார். ஏழாவது நிமிடத்தில் கத்தரி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். தங்கை தட்டை உறையில் போட்டாள். அதற்குப் பிறகு எதையும் அவளிடம் கேட்கக் கொடுத்ததில்லை. போன வருடம், மதிய இடைவேளையில், பூட்டிய கன்ட்ரோல் அறையில் கத்தரி அதே பதிவைத் தேடி எடுத்துக் கடைசிவரை கேட்டாள். மறுநாளும் கேட்டாள். பிறகு அதே வழியில் போன மற்றவர்களையும் தேடிப் பிடித்தாள். ஒரே மூச்சில் இரண்டு சுரம் எழுப்புகிறவர்கள், ஊதாமல் வாத்தியத்தின் சாவிகளை மட்டும் தட்டி மழை பெய்யவைக்கிறவர்கள், நாய்போல் குரைத்துவிட்டுக் குழந்தைபோல் விசும்புகிறவர்கள். அவர்கள் மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி அந்தப் பதிவுகளில் அப்படியே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எவரோ, கையைக் கட்டிக்கொண்டு, அதை அப்படியே விட்டிருக்கிறார். பேர் தெரியாத அந்த ஆள்மேல் கத்தரிக்குப் பொறாமை பொறாமையாக வந்தது.

பத்தே காலுக்கு டேப் சுழலத் தொடங்கியது.

பாஸ்காரிதான் ஆரம்பித்தாள். வில்லை வைத்துத் தாழ்ந்த கம்பியை அறுப்பதுபோல் இழுத்தாள். டிரம்ஸ்காரர் குச்சிகளை எடுக்காமல் உள்ளங்கையால் தோலைத் தடவினார். தங்கை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், வாத்தியத்தை வாயில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஐந்தாவது நிமிடத்தில் பேசுவதுபோல் சின்னச் சின்னதாக ஏதோ ஊதினாள். எட்டாவது நிமிடத்தில் அது வாக்குவாதமாகிவிட்டது. பன்னிரண்டில் டிரம்ஸ்காரர் எழுந்து நின்றே அடித்துக்கொண்டிருந்தார். கத்தரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கையின் கழுத்து நரம்பு புடைத்து, முழங்கால் மடங்கி, பதினாறாவது நிமிடத்தில் அது வந்தது. கீழிருந்து கிளம்பி, வாத்தியத்தின் எல்லையைத் தாண்டி, எந்தச் சாவிக்கும் அடங்காத ஓர் ஒற்றைக் கத்தல். முள் பாய்ந்து சிவப்புக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

இருபதாவது நிமிடத்தில் மூவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

"வந்துடுச்சுக்கா!" தங்கை கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு ஓடிவந்தாள். கைக்குட்டையில் லேசாகச் சிவப்பு. "பார்த்தியா? கேட்டியா? இது மாதிரி எனக்கு வந்ததே இல்ல. போடு, போடு!"

டிரம்ஸ்காரர் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும்போல் இருந்தது. பாஸ்காரி கதவில் சாய்ந்துகொண்டாள். கத்தரி டேப்பைச் சுற்றிப் போட்டாள்.

தொடக்கம் அருமையாக இருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் டிரம்ஸ்காரர் தன்னையே பாராட்டித் தலையாட்டினார். பதினாறு வந்தது. கத்தல் கிளம்பியது, மேலே ஏறியது, ஏற ஏறச் சிறுத்தது. யாரோ அதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. டிரம்ஸும் பாஸும் அதன்மேல் புரண்டு ஓடின. கத்தல் இருந்தது. மரியாதையாக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்தது.

கத்தரி மேஜையைப் பார்த்தாள். சாக்ஸபோனின் ஃபேடர், அவள் காலையில் பென்சிலால் குறித்த கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. அவளுடைய சுட்டுவிரல் இன்னும் அதன்மேல்தான் இருந்தது.

"மைக்கு ஏதாவது..." என்று டிரம்ஸ்காரர் இழுத்தார்.

பொய் சொல்ல ஒரு வழி திறந்துகிடந்தது. மைக் பழசு, டேப் பழசு, மெஷின் அதைவிடப் பழசு. தங்கைகூட நம்பிவிடுவாள்.

"மைக் இல்ல," என்றாள் கத்தரி. "நான்தான். முள் சிவப்புக்குப் போச்சு. கை இறக்கிடுச்சு. நான் இறக்கணும்னு நினைக்கக்கூட இல்லடி. கை..."

அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது ஸ்டுடியோவில் பிறந்த கை இல்லை. அப்பாவுக்கு எப்போதும் இரவு ஷிப்ட், பகலெல்லாம் தூங்குவார். தங்கை சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது பத்து வயதிலேயே அவள் வேலையாகிவிட்டது. விளையாட்டில் சிரித்தால் வாயைப் பொத்துவாள். பிறகு பள்ளியிலிருந்து சாக்ஸபோன் வீட்டுக்கு வந்தபோது, அதன் வாய்க்குள் குளியல் துண்டைச் சுருட்டித் திணித்தாள். "உஷ், அப்பா." அவர் போய் எட்டு வருடம் ஆகிறது. யாரும் தூங்காத ஒரு வீட்டுக்காக இந்தக் கை இன்னும் காவல் இருக்கிறது.

"துண்டு," என்றாள் தங்கை. அவளுக்கும் அதே ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பச்சைக் கலர் துண்டு."

"கோடு போட்டது," என்றாள் கத்தரி.

பாஸ்காரி தொண்டையைச் செருமினாள். "டேப்ல எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பதிமூணு நிமிஷம். வேணும்னா இதை அழிச்சிட்டு முதல்ல இருந்து..."

"அழிக்காதே," என்றாள் தங்கை. "அது பாட்டுக்கு இருக்கட்டும். இருக்கற பதிமூணுல போறேன்."

"பல்லு?"

தங்கை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். "கம்பி ஒரு பக்கம் விட்டுடுச்சு. இன்னொரு பக்கம் இருக்கு." பிறகு அக்காவை நேராகப் பார்த்தாள். "மறுபடி அதே வராதுக்கா. வேற ஒண்ணு வரும். வரும்போது நீ என்ன பண்ணப்போறே?"

நியாயமான கேள்விதான். இனிமேல் இறக்க மாட்டேன் என்று சொல்லலாம். அவள் அப்படி நினைக்காமல்தானே அது இறங்கியது? கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். பதினைந்தாவது விநாடியில் அது வெளியே வந்துவிடும். கத்தரி யோசித்தாள். அப்படி ஒரு யோசனை வந்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

இழுப்பறையிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்தாள். சாக்ஸபோனின் ஃபேடரைக் கத்தலுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் முன்கூட்டியே தாழ்வாக வைத்தாள். மற்ற மூன்றையும் அதற்கேற்ப வைத்தாள். பிறகு நான்கின் மேலும் குறுக்காக நாடாவை இழுத்து ஒட்டி, நகத்தால் தேய்த்தாள்.

"பார்சல் கட்டறீங்களாக்கா?" என்றார் டிரம்ஸ்காரர்.

"இடத்துக்குப் போங்க. நான் மெஷினைப் போட்டுட்டு உள்ள வர்றேன்."

"உள்ளயா?"

"இந்தக் கையை நம்பி இங்க விட்டுட்டு வர முடியாது. அதனால உடம்போட எடுத்துட்டு வர்றேன்."

இருபத்திரண்டு வருடத்தில், டேப் ஓடும்போது கத்தரி அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றதே இல்லை.

மெஷினைத் தட்டிவிட்டு ஓடினாள். இரண்டு கதவுகளையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தங்கையிலிருந்து நான்கடி தள்ளித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அதற்குள் தங்கை தொடங்கிவிட்டிருந்தாள். இந்தத் தடவை முன்னுரை எதுவும் இல்லை. பதின்மூன்று நிமிடம்தான் என்று அவளுடைய மூச்சுக்குத் தெரிந்திருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் கேட்டதெல்லாம் புகைப்படம் என்று கத்தரிக்கு இரண்டாவது நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. இங்கே தரை அதிர்ந்தது. பெரிய டிரம் அடிபடும்போது வயிறு முதலில் கேட்டது, காது பிறகுதான். பாஸின் கம்பி ஒன்று மரத்தில் பட்டுப் பட்டுத் துடித்தது. தங்கையின் விரலுக்கடியில் சாவிகள் டக்டக்கென்று மூடித் திறந்தன. வாயோரத்தில் காற்று கசிந்தது, எச்சில் குழாய்க்குள் களகளத்தது. எல்லாவற்றுக்கும் நடுவே அந்த மூச்சு! நெஞ்சுக்கூடு விரிய, கிணற்றில் வாளியை இறக்குவதுபோல் தங்கை ஒவ்வொரு தடவையும் மூச்சை இறக்கி ஏற்றினாள். நான் எத்தனை ஆயிரம் பேரிடமிருந்து இதை எடுத்திருக்கிறேன் என்று கத்தரி நினைத்தாள். குற்ற உணர்ச்சி வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. வந்தது பசி. இன்னும், இன்னும் என்று.

ஏழாவது நிமிடம் சுவர்க் கடிகாரத்தில் கடந்துபோனது. அவள் எழுந்து எங்கும் போகவில்லை.

ஒன்பதில் தங்கை பாதி நிமிடம் நிறுத்தினாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். டிரம்ஸ்காரரும் பாஸ்காரியும் அவளைப் பார்க்காமலேயே தணிந்து, அவளுக்கு அடியில் ஒரு மேடை போட்டுக் காத்திருந்தார்கள். அவள் மவுத்பீஸை வாயின் ஓரத்துக்கு நகர்த்தி, ஆடும் பல்லை விட்டுப் பக்கத்துப் பல்லை ஊன்றிக்கொண்டாள். அதுவரை அவள் அப்படி ஊதியதே இல்லை. வந்த ஒலியைக் கேட்டு அவளே புருவத்தை உயர்த்தினாள். கரகரப்பாக, கோணலாக, ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவதுபோல். அவள் கண்ணில் ஒரு திருட்டுத்தனமான சிரிப்பு வந்தது. அந்தக் கோணலைப் பிடித்துக்கொண்டே ஏறத் தொடங்கினாள்.

கத்தரியின் வலக்கை தானாக உயர்ந்தது. விரல் எதையோ தேடியது. காற்றில் ஃபேடர் இல்லை. அந்தக் கை அங்கேயே அந்தரத்தில் நின்றது, பிறகு முஷ்டியாக மூடிக்கொண்டது. தங்கை ஏறினாள். டிரம்ஸ்காரர் பேருந்தை மலைப்பாதையில் முடுக்குவதுபோல் பின்னாலேயே வந்தார். இன்னும் ஏறினாள். முதல் கத்தலின் உயரம் வந்தது, அதைத் தாண்டியது. அங்கே காற்று தீர்ந்துபோய் ஒலி நடுங்கியது, விழப்போகிறது, விழப்போகிறது...

"போடி! போ! போ!" கத்தரி முழங்காலில் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். "விடாதே! விடாதேடி!"

தங்கை விடவில்லை. எங்கிருந்தோ இன்னொரு வாளி மூச்சு வந்தது. கத்தல் இரண்டாகப் பிளந்து, இரண்டும் தனித்தனியாக மேலே போயின. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று கத்தரிக்குத் தெரியாது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிந்தபோது பாஸ்காரியின் வில்லில் பாதி முடி அறுந்து தொங்கியது. தங்கை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போதுதான் பாதி திறந்துகிடந்த இரண்டு கதவுகளுக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பட், பட், பட், பட்.

"ஐயோ, டேப்பு!" கத்தரி எழுந்து ஓடினாள்.

ரீல் காலியாகச் சுழன்றுகொண்டிருந்தது. டேப்பின் வால் மெஷினில் அடித்து அடித்துக் களைத்துவிட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். பதினேழு நிமிடம் வாசித்திருக்கிறார்கள். பதின்மூன்றுதான் உள்ளே இருக்கும். எங்கே அறுந்தது? ஏறுவதற்கு முன்னாலா, பின்னாலா? கத்தரி டேப்பை மறுபடி கோத்தாள். மூவரும் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தங்கையின் மூச்சு அவள் கழுத்தில் சுட்டது.

போட்டாள். ஒன்பதாவது நிமிடம். நிறுத்தம். கோணல் ஒலி. ஏற்றம். முள் சிவப்பின் ஓரத்தில் குதித்தது, உள்ளே போனது, யாரும் அதைத் தொடவில்லை. முழு உயரம். அதற்கு மேல். ஸ்பீக்கர்கள் அதைத் தூக்க முடியாமல் தூக்கின. ஒரு பெண்ணின் குரல் அலறியது: "போடி! போ! போ! விடாதே! விடா"

பட், பட், பட்.

டிரம்ஸ்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"கத்தரியையே வெட்டிடுச்சுக்கா டேப்பு!"

"ஏறினது இருக்கு," என்றாள் தங்கை. கைக்குட்டைக்குள்ளிருந்து வார்த்தைகள் குழறி வந்தன. "ரெண்டா பிளந்தது போயிடுச்சு, போகட்டும். மேல போனது வரைக்கும் இருக்கு! அது வந்துடுச்சு!"

"என் குரலும்ல வந்துடுச்சு," என்றாள் கத்தரி. "கம்ப்யூட்டர்ல போட்டா அதை மட்டும் மெல்ல..." சொல்லிக்கொண்டே வரும்போது மூன்று பேரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். "சரி சரி. சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லலை நீ."

"சும்மா சொல்லலைதான்," என்று ஒப்புக்கொண்டாள்.

தங்கை கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். நடுவில் பல் கிடந்தது, கம்பியோடு. செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க அதற்குப் பொறுமை இல்லை. "டாக்டருக்கு வேலை மிச்சம்," என்றாள். சிரித்தபோது முன்னால் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. "இன்னொரு தடவை போடுக்கா. இன்னும் சத்தமா."

கத்தரி ஸ்பீக்கரின் குமிழைத் திருப்பினாள். வழக்கமாக அது நிற்கும் இடத்தைத் தாண்டி, எண்கள் தேயாமல் புதிதாக இருந்த பக்கத்துக்குத் திருப்பினாள். கண்ணாடி அதிர்ந்தது. மேஜையில் பென்சில் தானாக உருண்டது. கத்தல் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது காவலாளி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு? வாசல் வரைக்கும் கேக்குது! யாரும்மா அது, அப்படிக் கத்தறது?"

தங்கை வாயைத் திறப்பதற்குள் கத்தரி முந்திக்கொண்டாள்.

"நான்தாண்ணே."

அவர் நம்பாமல் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். "கதவைச் சாத்தட்டுமாம்மா?"

"வேண்டாம், உள்ள வாங்க," என்று டேப்பைச் சுற்றிக்கொண்டே அவருக்கு ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள் கத்தரி. "முதல்ல இருந்து போடறேன். நடுவுல எந்திரிச்சுப் போகக் கூடாது."